கேட்பதற்கென்று ஓர் அலுவலகம்

சென்ற விடுமுறைக்கு ராத்தா பேராதனையிலிருந்து வந்தபோது அவருடைய பையில் உடுப்புகளை விடக் கடிதங்களே கூடுதலாக இருந்தன. அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடத்தின் இறுதியாண்டு மாணவி. எங்களுக்கு உக்குவளைப் பக்கம் அரை ஏக்கர் மிளகுத் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்பது பெரிய வார்த்தை. கிளிரிசீடியா மரங்களில் ஏறிய சில நூறு கொடிகள், அவ்வளவுதான். மூன்று வருடங்களாக அந்தக் கொடிகளில் பலவற்றின் இலைகள் மஞ்சள் திட்டுப் பட்டுச் சிறுத்துப் போகின்றன. காய் பிடித்தாலும் சரத்தில் பாதி வெறுமையாகவே நிற்கிறது. வாப்பா உரத்தை மாற்றிப் பார்த்தார், நிழலைக் குறைத்துப் பார்த்தார். ராத்தாவுக்கு இது ஒரு வைரஸ் நோயோ என்று சந்தேகம். மிளகில் அப்படியொரு மஞ்சள் திட்டு வைரஸ் உண்டு. மாவுப்பூச்சியாலும் பரவும், நோயுள்ள கொடியில் வெட்டிய துண்டை நட்டால் அதனோடும் வரும். ஆனால் கண்ணால் பார்த்து வைரஸ்தான் என்று சொல்ல முடியாது. அதற்கு பீ.சீ.ஆர். பரிசோதனை வேண்டும். கொரோனாக் காலத்தில் எல்லோருடைய வாயிலும் இருந்த அதே பரிசோதனைதான், இங்கே இலைக்கு.

ராத்தா இதையே தன் இறுதியாண்டு ஆய்வாக எடுத்துக் கொண்டார். இயந்திரம் இருந்தது. அதில் ஊற்ற வேண்டிய இரசாயனப் பொருட்கள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டொலர் விலையில். அவருடைய விரிவுரையாளர் மூன்று கம்பனிகளுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிலிருந்து பதில் வரவில்லை. இன்னொன்று ஆய்வுக்கு வாழ்த்துத் தெரிவித்ததோடு நின்று கொண்டது. மூன்றாவது, தங்கள் பெயர் எத்தனை பத்திரிகைகளில் வரும் என்று கேட்டது.

"கோடி கோடியா மிளகு ஏத்துமதி செய்றவங்க, இவ்வளவு சின்னக் காசு தர மாட்டாங்களா?" என்று வாப்பா கேட்டார்.

"தர மாட்டாங்க எண்டில்ல வாப்பா. எப்படிக் கேக்கணும் எண்டு சேருக்கும் தெரியல்ல, எனக்கும் தெரியல்ல" என்றார் ராத்தா. பிறகு சிரித்துக் கொண்டு, "வெளிநாட்டுல கேக்குறதுக்கெண்டே ஒரு ஒபிஸ் வச்சிருக்காங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் தங்கி விட்டது. பணம் கேட்பதற்கு ஒரு பல்கலைக்கழகம் அலுவலகம் திறக்குமா? பள்ளிவாசல் கட்டிட நிதிக்கு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கும் ஹாஜியார்மாரைத்தான் நான் கண்டிருக்கிறேன். தேடிப் பார்த்தேன். தேடியதில் எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன். எங்களில் பலர் நாளை பல்கலைக்கழகம் போவோம். இதை வாசிக்கும் பெற்றோரில் சிலர் கொடுக்கக் கூடிய நிலையில் இருக்கிறார்கள். இரு பக்கத்தாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விடயம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கா, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளின் பெரிய பல்கலைக்கழகங்களில் 'வளர்ச்சி அலுவலகம்' அல்லது 'மேம்பாட்டு அலுவலகம்' என்ற பெயரில் ஒரு பிரிவு இருக்கிறது. மிகப் பெரியவற்றில் இதில் மட்டுமே நூற்றுக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். பழைய மாணவர்களைத் தேடிப் பிடிப்பது, கம்பனிகளோடும் அறக்கட்டளைகளோடும் தொடர்பு வைப்பது, கிடைத்த பணம் சொன்ன வேலைக்கே போகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. அங்கே வேலை செய்பவர் கொண்டு வரும் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று தரகு வாங்குவதை அந்தத் தொழிலின் ஒழுக்கக் கோவை தடை செய்கிறது. அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். தரகர் இல்லாமல் காணியும் நடக்காது கல்யாணமும் நடக்காது என்று வளர்ந்த எனக்கு இது ஆச்சரியமாகத்தான் இருந்தது. காரணத்தை யோசித்தால் விளங்குகிறது. தரகு இருந்தால் பெரிய தொகையை எப்படியாவது வாங்கி விடவே மனம் ஓடும். அது நல்ல பணமா, கொடுப்பவர் மனமாரத் தருகிறாரா என்று பார்க்கத் தோன்றாது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்து கொள்ள வேண்டும். ஆய்வுக்கு வரும் பணம் எல்லாம் ஒரே மாதிரியானதல்ல. அரசாங்க அமைப்பு ஒன்று போட்டி வைத்து, விண்ணப்பங்களைப் பரிசீலித்துத் தருவது மானியம். எங்கள் நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றம் தருவது அந்த வகை. ஒரு கம்பனி, 'எங்களுக்கு இந்தப் பொருளைச் சோதித்துத் தாருங்கள், முடிவு எங்களுக்கே சொந்தம்' என்று கொடுத்தால் அது ஒப்பந்தம். ஒரு வகைக் கூலி. மூன்றாவது நன்கொடை. கொடுப்பவர் ஒரு நோக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டியது கடமை. ஆனால் ஆய்வின் முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்று கேட்கவோ, கண்டுபிடிப்பைத் தனக்கென்று எடுத்துக் கொள்ளவோ அவருக்கு உரிமை இல்லை. ராத்தாவின் சேருக்குப் பதில் எழுதிய மூன்றாவது கம்பனி, நன்கொடை கேட்டவரிடம் விளம்பர ஒப்பந்தம் பேசியது. குற்றம் முழுவதும் கம்பனியுடையது என்றும் சொல்ல முடியாது. எந்த வகைப் பணம் கேட்கிறோம் என்று அந்தக் கடிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

இந்த அலுவலகம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

முதலில் விரிவுரையாளரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். என்ன செய்யப் போகிறீர்கள்? அது முடிந்தால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறும்? ஏன் இப்போது? எவ்வளவு பணம், எதற்கெதற்கு? கேட்பதற்கு இலகுவான கேள்விகள். ஆனால் ஆய்வு செய்பவர்களுக்கு இவற்றுக்கு எளிய மொழியில் பதில் சொல்வது கடினமாம். ராத்தாவின் சேர் எழுதிய கடிதத்தை நான் வாசித்தேன். முதல் பந்தியிலேயே வைரஸின் விஞ்ஞானப் பெயரும் அதன் குடும்பப் பெயரும் வருகின்றன. மிளகு என்ற சொல் மூன்றாவது பந்தியில்தான் வருகிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கே இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. கொழும்பில் ஆயிரம் வேலையோடு இருக்கும் ஒரு முகாமையாளர் என்ன செய்வார்? வளர்ச்சி அலுவலகத்தில் எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர் சொல்வதைக் கேட்டு, உண்மை கெடாமல், ஒரு பக்கத்துக்குள் அதை எழுதிக் கொடுப்பார்கள். உண்மை கெடாமல் என்பது முக்கியம். 'இந்த ஆய்வு மிளகு நோயை ஒழித்து விடும்' என்று எழுதினால் பணம் வரலாம். ஆனால் அந்த ஆய்வு நோயைக் கண்டறிய மட்டுமே உதவும் என்றால், இரண்டு வருடம் கழித்துக் கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்தது யாரிடம் கேட்பது என்பது. இதற்கும் தனியாக ஆட்கள். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் படிப்பார்கள். எந்த அறக்கட்டளை இதுவரை எவற்றுக்குக் கொடுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் யாருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை ஆண்டுதோறும் வரித் திணைக்களத்துக்குப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தை எவரும் எடுத்துப் பார்க்கலாம். புற்றுநோய்க்கு மட்டும் கொடுக்கும் இடத்தில் மிளகைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்குவது இதனால் மிச்சமாகிறது.

இன்னொரு வேலை, ஒரே கதவை ஒரே மாதத்தில் மூன்று பேராசிரியர்கள் போய்த் தட்டாமல் பார்த்துக் கொள்வது. ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடாதிபதி ஒரு செல்வந்தரிடம் பெரிய ஆய்வுகூடம் ஒன்றுக்காக ஒரு வருடமாகப் பேசி வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அது தெரியாமல் வேறொரு விரிவுரையாளர் போய் அவரிடம் ஒரு நுணுக்குக்காட்டி கேட்டு வாங்கி விட்டால், 'உங்கள் பல்கலைக்கழகத்துக்குத்தான் கொடுத்து விட்டேனே' என்று அந்தச் செல்வந்தர் பெரியதை விட்டு விடலாம். ஆகவே யார் யாரிடம் போகலாம் என்பதை இந்த அலுவலகம் வரிசைப்படுத்துகிறது. இதில் சின்னத் துறைகளுக்கு அநியாயமும் நடக்கும் என்றே எனக்குப் படுகிறது. பெரிய பீடங்களுக்கே நல்ல கதவுகள் போகும். தமிழுக்கும் வரலாற்றுக்கும் மிச்சம்தான்.

பிறகு சந்திப்பு. அலுவலரும் பேராசிரியரும் சேர்ந்து போவார்கள். முதல் நாளே பணம் கேட்பதில்லை. ஆய்வுகூடத்துக்கு அழைப்பார்கள், மாணவர்களோடு பேச விடுவார்கள், கொடுப்பவருக்கு உண்மையில் எதில் மனம் இருக்கிறது என்று கேட்பார்கள். பெரிய தொகைக்கு ஒன்றிரண்டு வருடங்கள் இப்படிப் போவது சாதாரணம். இணங்கினால் எழுத்தில் உடன்படிக்கை: எவ்வளவு, எத்தனை தவணை, எதற்கு, பெயர் வைப்பதா, குறித்த நோக்கம் ஒரு காலத்தில் இல்லாமல் போனால் பணத்தை என்ன செய்வது. பணம் பேராசிரியரின் கைக்குப் போகாது. பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போகும். அதன்பின் வருடா வருடம் அறிக்கை. நன்றிக் கடிதம் ஒன்று எழுதிவிட்டு மறந்து போகிறவர்களுக்கு இரண்டாவது முறை யாரும் கொடுப்பதில்லையாம். இதை வாசித்தபோது எங்கள் வகுப்பில் சென்ற வருடம் நூலகத்துக்குப் புத்தகம் சேர்த்தது ஞாபகம் வந்தது. கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு, அந்தப் புத்தகங்களை யார் வாசிக்கிறார்கள் என்று நாங்கள் சொன்னோம்? ஒருவருக்கும் சொல்லவில்லை.

தமிழ் வாசிப்பவர்களுக்கு இந்த முறைகளை மிக அருகில் காட்டிய நிகழ்ச்சி ஹார்வர்ட் தமிழ் இருக்கைதான். அமெரிக்காவில் வாழும் மருத்துவர்களான விஜய் ஜானகிராமனும் சுந்தரேசன் சம்பந்தமும் தமிழுக்கு ஏதாவது செய்ய விரும்பினார்கள். சங்க இலக்கியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வைதேகி ஹெர்பர்ட் அவர்களை ஹார்வர்ட் பக்கம் திருப்பினார். நிரந்தரமாக ஒரு பேராசிரியர் பதவி வேண்டுமென்றால் அதற்கு ஹார்வர்ட் குறித்த தொகை 6 மில்லியன் டொலர். மருத்துவர்கள் இருவரும் ஆளுக்கு 5 இலட்சம் டொலர் கொடுத்துத் தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபா கொடுத்தது. கொக்குவிலில் பிறந்து கனடாவில் வாழும் எங்கள் எழுத்தாளர் அ. முத்துலிங்கம் உட்படப் பலர் ஊர் ஊராகப் பேசி எழுதிச் சேர்த்தார்கள். 2018ஆம் ஆண்டில் தொகை நிறைந்தது.

அந்த நேரத்தில் பலர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். 35 பில்லியன் டொலருக்கு மேல் நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஏழைத் தமிழன் ஏன் கொடுக்க வேண்டும்? ஹார்வர்டின் அந்தப் பெரிய பணம் ஒரு பெட்டியில் இல்லை. ஆயிரக்கணக்கான தனித்தனி நிதியங்களாக இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கொடுத்தவர் சொன்ன நோக்கத்துக்குக் கட்டுப்பட்டவை. வானியலுக்குக் கொடுத்ததை எடுத்துத் தமிழுக்குக் கொடுக்க முடியாது. இது ஒரு பதில். முழுப் பதிலா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு, ஏனென்றால் அதே பணத்தில் எங்கள் நாட்டில் எத்தனை ஆய்வுகூடங்கள் ஓடும் என்று மனம் கணக்குப் போடுகிறது.

கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அங்கே கொடுத்தவர்களில் பெரும் பகுதியினர் எங்கள் நாட்டிலிருந்து, பலர் எல்லாம் இழந்து, போனவர்கள். ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 3 மில்லியன் கனடிய டொலர் இலக்கு. 2018இல் கனடியத் தமிழர் பேரவையும் தமிழ் இருக்கை அமைப்பும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கின. 2021இல் இலக்கு எட்டப்பட்டது. ஒரு பெரிய செல்வந்தர் எழுதிய காசோலை அல்ல அது, ஆயிரக்கணக்கானவர்கள் போட்டது.

3 மில்லியனையும் செலவழித்து விட்டால் சில வருடங்களில் கதை முடிந்து விடும். அதனால் முதலைத் தொடுவதில்லை. அதை முதலீடு செய்து, வருமானத்திலிருந்து வருடத்துக்கு ஒரு சிறு பங்கை மட்டுமே எடுப்பார்கள். நூற்றுக்கு 4 என்று வைத்தால் வருடம் 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலர். ஒரு பேராசிரியரின் செலவுக்கு அது உதவும். மிச்சமான வருமானம் முதலோடு சேர்ந்து விலைவாசி ஏற்றத்துக்கு ஈடு கொடுக்கும். இருக்கை என்பது நாற்காலி அல்ல, இந்த ஏற்பாடுதான்.

இதை வாசித்ததும் இது வக்பு அல்லவா என்று எனக்குத் தோன்றியது. மூலத்தை விற்காமல், பகிராமல் நிறுத்தி வைத்து அதன் பயனைப் பொதுவுக்குக் கொடுப்பதுதான் வக்பு. மொரோக்கோவின் பெஸ் நகரில் இருக்கும் கரவிய்யீன் பள்ளிவாசலை 859ஆம் ஆண்டில் பாத்திமா அல்-பிஹ்ரி என்ற பெண் தனக்கு வாரிசாக வந்த செல்வத்தால் நிறுவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அது வளர்ந்து இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. கடைகளும் தோட்டங்களும் அதற்கு வக்பாக இருந்தன. ஆக, கல்விக்கென்று முதலை நிறுத்தி வைப்பது நாங்கள் ஹார்வர்டிடம் கற்க வேண்டிய புதுமை அல்ல. கேட்கும் முறையையும் கணக்குக் காட்டும் முறையையும் வேண்டுமானால் கற்றுக் கொள்ளலாம்.

பேராசிரியர் பதவிக்கு மட்டுமல்ல, நேரடியாக விஞ்ஞானத்துக்கும் தமிழர் கொடுத்திருக்கிறார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்த புதிதில் தேசிய ஆய்வுகூடங்கள் அமைக்கத் திட்டமிட்டபோது, அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூருக்கு மத்திய அரசின் ஆய்வுகூடம் வந்தது அந்தக் கொடையால்தான். அப்போது அலுவலகமும் இல்லை, அலுவலரும் இல்லை. ஒரு மனிதரின் மனம் போதுமாக இருந்தது. இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென அலுவலகம் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் மட்டும் பழைய மாணவர்களிடமும் மற்றவர்களிடமுமாக 513 கோடி ரூபா திரட்டினார்கள். 2024 ஓகஸ்டில் கிருஷ்ணா சிவுகுல என்ற பழைய மாணவர் 228 கோடி ரூபா கொடுத்தார். அவர் அங்கே பட்டம் பெற்றது 1970இல். ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஒரு மாணவரோடு தொடர்பு அறுந்து போகாமல் இருந்திருக்கிறது என்பதையே நான் அந்தத் தொகையை விடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் எல்லாப் பணத்தையும் வாங்கலாமா? வாங்கக் கூடாத பணத்தை வேண்டாம் என்று சொல்வதும் இதே அலுவலகத்தின் வேலைதான். அதில் தவறியவர்கள் பட்ட பாடும் இருக்கிறது. 1991இல் லீ பாஸ் என்ற செல்வந்தர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு மேற்கத்திய நாகரிகம் பற்றிய கற்கைக்காக 20 மில்லியன் டொலர் கொடுத்தார். வருடங்கள் போயும் அந்தக் கற்கை தொடங்கவில்லை. அது பல்கலைக்கழகத்தின் பிழை. பிறகு அந்தப் பணத்தில் நியமிக்கப்படும் பேராசிரியர்கள் யார் என்பதில் தனக்கும் சம்மதம் சொல்லும் உரிமை வேண்டும் என்று அவர் கேட்டார். யேல் மறுத்தது. 1995இல் 20 மில்லியனையும் திருப்பிக் கொடுத்து விட்டது. கொடுத்தவர் ஆசிரியரைத் தெரிவு செய்தால், அந்த ஆசிரியர் யாருடைய ஆள் என்ற கேள்வி கடைசி வரை போகாது.

இலண்டன் பொருளியல் கல்லூரியில் நடந்தது இன்னும் மோசம். லிபியத் தலைவர் கடாபியின் மகன் சயிப் அல்-இஸ்லாம் அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் தலைமை தாங்கிய அறக்கட்டளை 1.5 மில்லியன் பவுண் தருவதாக வாக்களித்தது; கல்லூரியும் ஏற்றுக் கொண்டது. 2011இல் லிபியாவில் மக்கள் மீது துப்பாக்கிகள் திரும்பியபோது அந்தப் பணமும் செய்தியானது. கல்லூரியின் பணிப்பாளர் ஹவார்ட் டேவிஸ் அந்த வருடம் மார்ச் மாதம் பதவி விலகினார். நடந்ததை விசாரிக்கத் தனியாக ஒரு நீதிபதியை நியமித்தார்கள். அதுவரை கைக்கு வந்திருந்தது 3 இலட்சம் பவுண் மட்டுமே. அதற்காகப் போன பெயர் எவ்வளவு!

எங்கள் நாட்டுக்கு வருவோம். இங்கே கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. கொழும்பின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், டி சொய்சா குடும்பத்தார் கட்டிக் கொடுத்த நுண்ணுயிரியல் நிலையத்திலிருந்தே வளர்ந்தது. எங்கள் சமூகத்தில் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கி, பணமில்லாத காரணத்தால் யாரும் பல்கலைக்கழகத்தை விடக் கூடாது என்று பாடுபட்டார். மாணிக்க வியாபாரியான நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் டயலொக் கம்பனியின் ஆதரவில் தொலைத்தொடர்பு ஆய்வுகூடம் ஒன்று இயங்குகிறது. உலக வங்கியின் உதவியோடு 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழகங்களில் வணிகத் துறையோடு இணைக்கும் பிரிவுகளும் உருவாக்கப்பட்டன. அவை பெரும்பாலும் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டு போவதையே பார்க்கின்றன. விற்க ஒன்றும் இல்லாத, ஆனால் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்றுக்காக, ஒரு கொடையாளியின் வாசலுக்கு விரிவுரையாளரோடு கூடப் போய் உட்காரும் ஆள்தான் குறைவு. இலவசக் கல்வி நாடு என்பதால் எல்லாம் அரசு தரும் என்ற எண்ணமும் எங்களுக்கு ஊறி விட்டது. அரசு இன்றிருக்கும் நிலை வீட்டுக்கு வரும் மின்சாரப் பட்டியலிலேயே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. எங்கள் ஊரில் கிணறு வெட்ட, பள்ளிவாசலுக்கு மின்விசிறி போட, நோன்புக் கஞ்சிக்கு, ஏழைக் குமரின் கல்யாணத்துக்கு என்று கேட்டால் கை நீளும். மாணவனுக்குப் புலமைப்பரிசில் என்றாலும் நீளும். ஆய்வு என்றால் மட்டும் சுருங்கி விடுகிறது. முடிவு என்ன வருமென்று தெரியாத ஒன்றுக்குக் கொடுப்பது எப்படி என்று கேட்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் வரும் என்று தெரிந்தா வெட்டுகிறோம்?

விடுமுறையின் இரண்டாவது வாரம் நானும் ராத்தாவும் மேசையில் உட்கார்ந்து சேரின் கடிதத்தை ஒரு பக்கமாக்கினோம். முதல் வரியில் மிளகை வைத்தோம். மாத்தளையில் சிறு தோட்டக்காரர் ஒருவர் நோயுள்ள கொடி என்று அறியாமல் துண்டு வெட்டி அயல் வீட்டுக்குக் கொடுக்கும்போது நோயும் எப்படிப் போகிறது என்று இரண்டு வரி. எத்தனை மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, மொத்தம் எவ்வளவு என்று ஒரு சிறு அட்டவணை. இந்த ஆய்வு நோயை மாற்றாது, எது நோயுள்ள கொடி என்று மட்டும் சொல்லும் என்றும் எழுதினோம். அந்த வரி வேண்டாம், பணம் வராது என்று உம்மா சொன்னார். ராத்தா விடவில்லை. எழுதியதைச் சேருக்கு அனுப்பினார். அவர் இரண்டு சொற்களைத் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

கம்பனிக்கு அல்ல, பசாரில் மிளகு வாங்கி விற்கும் வாப்பாவின் கூட்டாளி ஒருவரிடம் அதைக் கொண்டு போனோம். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக் கொண்டு முழுவதையும் வாசித்தார். மூன்று கேள்வி கேட்டார்.

"காசு ஆருட கைக்குப் போகும், மகள்?"

"பல்கலைக்கழகக் கணக்குக்கு மாமா. ரசீது வரும்."

"நோய் எண்டு கண்டா என்ன செய்வீங்க?"

"சுத்தமான கொடி எது எண்டு தெரிஞ்சா அதுல மட்டும் துண்டு வெட்டலாம். விவசாயத் திணைக்களத்துக்கும் அறிக்கை குடுப்போம்."

"நோய் இல்ல எண்டு வந்தா?"

ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பயும் அதைத்தான் எழுதுவேன் மாமா. வேற காரணம் தேடணும் எண்டு தெரிஞ்சிரும்" என்றார்.

மாமா சிரித்தார். அட்டவணையில் இருந்த தொகையில் பாதிக்குக் காசோலை எழுதினார். மீதியை வேறு இரண்டு வியாபாரிகளிடம் தானே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஒருவர் கொடுத்தார், மற்றவர் கொடுக்கவில்லை. சேர் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வேலையைத் தொடங்கி விட்டார். எங்கள் தோட்டத்து இலைகளும் அதில் இருக்கின்றன. ஒரு பொலித்தீன் பையில் இலக்கம் 14 என்று நானே எழுதிக் கட்டினேன்.

முடிவு இன்னும் வரவில்லை. மாமா வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவைப் பிடித்துக் கேட்கிறாராம், "பிள்ளைட அறிக்கை எப்ப வரும்?" என்று. போன வாரம் ராத்தா இதுவரை செய்ததை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அதை மாமாவின் கடைக்குக் கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். கல்லாவுக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் அதைக் குத்தி வைத்திருக்கிறார்.